"நில்" என்று எழுதியிருந்த கட்டம்

2021 ஆடி மாதம், ஒரு காலை. வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்த ஒரு பெரியவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூடவே பேரன். மடியில் மஞ்சள் பை. பைக்குள் ரேஷன் கார்டு போடுகிற பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம். ஓரமெல்லாம் கறையான் தின்றிருந்தது, நடுப்பக்கம் மட்டும் பிழைத்திருந்தது. அதில் மெடல்கள் என்ற கட்டத்தில் மூன்று ஆங்கில எழுத்து. பேரன் படிக்கத் தெரிந்தவன். அதைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தாத்தாவிடம் கொடுத்திருந்தான்: நில்.

இல்லை என்பதற்கு ராணுவக் கிளார்க் போடுகிற சொல் அது. நானே ஆயிரம் தடவை போட்டிருப்பேன். தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் அது ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்கிற சொல்லாகத் தெரிந்தது. காவலில் நிற்கிற சிப்பாய் இருட்டில் வருகிறவனைப் பார்த்துச் சொல்வானே, அந்தச் சொல்.

நான் படையில் கிளார்க்காக 22 வருடம் இருந்து, ஹவில்தாராக வெளியே வந்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்த ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. பென்ஷன் திருத்தம், மனைவி பெயர் சேர்ப்பு, பிறந்த தேதித் தகராறு, இவைதான் அதிகம் வரும். மெடல் கேட்டு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பணம் வராத ஒன்றைக் கேட்டு அவர்கள் மலையிறங்கி வருவதால் அந்த வேலையை மட்டும் நான் தள்ளிப்போடுவதே இல்லை.

மெடல் எப்படி ஒரு சிப்பாயின் பெயரில் ஏறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல், எப்படி விட்டுப்போகிறது என்பது விளங்காது. யூனிட்டில் ஒருவனுக்கு என்ன நடந்தாலும், லீவு, கல்யாணம், குழந்தை, காயம், பதவி உயர்வு, தண்டனை, எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற தாளில் வெளியாகும். அதன் ஒரு பிரதி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே அவனுடைய ஷீட் ரோலில் அதைப் பதிவார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அந்த ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரில். பீரங்கிப் படையென்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், மருத்துவப் படை என்றால் லக்னோ. ஒரே ஊரில் பிறந்த நான்கு பேர் நான்கு மாநிலத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஒரு பார்ட் டூ ஆர்டரில் ஒரு வரி விட்டுப்போனால், அந்த வரியின் காரியம் நடக்கவே இல்லை என்றுதான் மேலே இருக்கிற எல்லாக் காகிதமும் சொல்லும்.

பெரியவர் 1963இல் சேர்ந்தவர். 1962இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு ராணுவத்தை மளமளவென்று பெருக்கினார்கள். அந்த ஆள்சேர்ப்பில் போனவர். மலையில் கடுக்காய் பொறுக்கிச் சுமையாகக் கட்டிக் கீழே கொண்டுவந்து போடுகிற வேலை அவருக்கு. ஒரு நாள் சுமையை இறக்கிவிட்டு, வியாபாரி கொடுத்த காசோடு சின்னசேலம் போய் ரயில் ஏறிவிட்டார். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. மலைக்காரன் ஒருவன் ரயிலைப் பார்த்ததே பெரிய சேதி என்றிருந்த காலம் என்று அவரே சொன்னார்.

அவர் எந்தப் படைப்பிரிவு என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. அந்த ஊர்ப் பெயரில்தான் சிக்கலின் முதல் முடிச்சு இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சேர்ப்புப் படிவத்தில் கிராமம், தபால் நிலையம், தாலுகா, ஜில்லா என்று நான்கு கட்டம் உண்டு. 1963இல் கல்வராயன் மலை ஜாகீர். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் மலையில் அது ஓயவில்லை. 1976இல்தான் அரசாங்கம் ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. அதுவரை மலையாளிப் பழங்குடிகளின் கையில் பட்டா கிடையாது, சர்வே நம்பர் கிடையாது. ஏருக்கு இவ்வளவு, களைக்கொத்துக்கு இவ்வளவு என்று தன் அப்பா வரி கட்டியதைப் பெரியவர் விரல் மடக்கிச் சொன்னார். கர்ணம் எழுதி வைக்கிற சிட்டா அடங்கல் இல்லாத ஊரிலிருந்து ஒருவன் பட்டாளத்துக்குப் போனால், அவன் ஊரை எழுத என்ன ஆதாரம்? படிவம் நிரப்பியவர் கிராமம் என்ற இடத்தில் கச்சிராயபாளையம் என்று எழுதிவிட்டார். மலையடிவாரத்தில் தபால் வருகிற இடம் அதுதான். ஜில்லா, தென்னாற்காடு. பிறந்த தேதி, ஆளைப் பார்த்து ஒரு மதிப்பு.

அந்த விலாசத்தில் இரண்டு கட்டம் பிற்பாடு மாறிப்போயின. 1993 செப்டம்பர் 30இல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம் ஆனோம். 1997இல் மாவட்டங்களின் பெயரிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது வெறும் விழுப்புரம் ஆனோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். மலையும் தனி வட்டமாகி வெள்ளிமலையில் தாலுகா ஆபீஸ் வந்துவிட்டது. மெடல் பற்றி விசாரிக்க இந்த மலைக்காரர் ஒரு காலத்தில் கடலூருக்குப் போயிருக்க வேண்டும், பிறகு விழுப்புரத்துக்கு, இப்போது கள்ளக்குறிச்சிக்கு. ஆபீஸ் அவரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்ததற்கு ஐம்பது வருடம் பிடித்தது. இதில் நல்லது ஒன்றுதான். அவர் அதுவரை உயிரோடு இருந்தார்.

சிப்பாயின் பெயர் விட்டுப்போவது இந்த மண்ணில் பழைய கதை. தியாகதுருகம் மலைக்கோட்டையை இன்றும் கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் அதற்காக மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். 1790இல் திப்பு சுல்தான் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்து காத்தவர் கேப்டன் ஃப்ளிண்ட் என்று ஆங்கிலேயர் எழுதிய வரலாறு சொல்கிறது. மதிலில் நின்று துப்பாக்கி சுட்ட மதராஸ் சிப்பாய்களில் ஒருவர் பெயரையும் என்னால் சொல்ல முடியாது. சின்ன வயதில் அந்தக் கோட்டையில் ஏறி விளையாடியவன் நான். அந்தக் கல்லில் யாராவது நம் ஊர்க்காரன் தன் பெயரைக் கொத்தி வைத்திருப்பானா என்று தேடியிருக்கிறேன்.

ஒன்பது வருடம் கழித்து 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதற்காக ஒரு பதக்கம் அடித்தது. இங்கிலாந்தில் சோஹோ நாணயச் சாலையில் தயாரானது. பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அப்புறம் வெள்ளி, வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். அதுவும் போர் முடிந்து கிட்டத்தட்ட ஒன்பது வருடம் கழித்துத்தான் கைக்குக் கிடைத்தது. பின்னால் 1803 முதல் 1826 வரை நடந்த போர்களுக்கு ஒரு பதக்கம் அறிவித்தார்கள். அறிவித்த வருடம் 1851. அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும். 1803இல் இருபது வயதில் சண்டை போட்டவனுக்கு 1851இல் 68 வயது. இன்று என் திண்ணைக்கு வருகிறவர்களின் வயதும் கிட்டத்தட்ட அதுதான். முதல் உலகப் போரிலும் அதே வரிசை. போரிட்டவனுக்கு வெள்ளியில் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடலை, மூட்டை சுமந்து பாதை வெட்டிய நம் கூலிப்படைக்காரனுக்கு வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எங்கள் வட்டாரத்துக்குப் போர் நேராகவே வந்துவிட்டது. உளுந்தூர்பேட்டையில் விமானத் தளம் போட்டார்கள். அந்த ஓடுபாதை இன்னும் கிடக்கிறது, ஆடு மேய்கிறது. ஆள்சேர்ப்பும் அப்போது மும்முரம். 1928இல் கலைத்துவிட்ட மெட்ராஸ் ரெஜிமெண்டை 1941இல் திரும்ப எழுப்பியது அந்தத் தேவைக்குத்தான். போய்த் திரும்பியவர்களில் பலருக்கு பர்மா ஸ்டார் என்கிற ஆறு முனை வெண்கல நட்சத்திரம் வர வேண்டியது. போர் முடிந்த இரண்டு வருடத்தில் தேசமே கைமாறியது, படையே இரண்டாகப் பிரிந்தது, மெடல் எங்கே வரும்! சங்கராபுரம் பக்கம் ஒரு வீட்டில் வந்த நட்சத்திரத்தையே பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். என்ன என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த வீட்டு மருமகள் அதை என்னிடம் சொல்லும்போது அழுதார். எடைக்குப் போட்டது அவர் மாமியார். அந்த அம்மாவையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரூபாயாக மாறாத எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு இடமில்லை.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். 1965 போர் நடந்தபோது அவர் பஞ்சாப் எல்லையில். கீழே, அவர் மலையடிவாரத்தில், கோமுகி அணையை எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குத் திரும்பியபோது ஆறு வேறு இடத்தில் நின்றது என்றார். போரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கரும்புக் காட்டுக்குள் டாங்கி வருகிற சத்தம், கிணற்றில் செத்துக் கிடந்த எருமை, 11 நாள் கழற்றாத பூட்ஸ், அவ்வளவுதான். அந்தப் போருக்கு இரண்டு பதக்கங்களை 1967இல் ஏற்படுத்தினார்கள். சமர் சேவா ஸ்டார், போர் நடந்த பகுதியில் பணியில் இருந்தவர்களுக்கு. ரக்ஷா மெடல், 1965 ஆகஸ்ட் 5 அன்று 180 நாள் சர்வீஸ் முடித்திருந்த எல்லோருக்கும். அவருக்கு இரண்டும் உரியவை. சந்தேகமே கிடையாது.

ஆனால் 1967இல் அவர் அந்த யூனிட்டில் இல்லை. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தார், திரும்பியபோது வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மெடலுக்குப் பட்டியல் எடுத்தபோது பழைய யூனிட் அவரை மாறிப்போனவர் என்று விட்டிருக்கும். போரின்போது இவர் நம்மோடு இல்லையே என்று புதிய யூனிட்டும் விட்டிருக்கும். இரண்டு பட்டியலுக்கும் நடுவே ஆள் விழுந்துவிட்டார். இதை நான் ஊகமாகத்தான் சொல்கிறேன். ஆனால் நானும் என் காலத்தில் பட்டியல் எடுத்தவன். இப்படி எத்தனை பேர் விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். 1969இல் அப்பா இறந்தார். கொல்லையைப் பார்க்க ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு வருடத்தில் வந்துவிட்டார். பென்ஷன் இல்லை. கையில் கொஞ்சம் பணம், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், அதில் நில்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஷீட் ரோலை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது விதி. 1969ஓடு 25ஐக் கூட்டினால் 1994. நான் எழுதிய முதல் விண்ணப்பத்துக்கு ஆறு வாரத்தில் பதில் வந்தது. மூன்று வரி. ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, எனவே மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. பதில் எழுதிய கிளார்க்கின் நாற்காலியில் நானும் உட்கார்ந்தவன்தான். அந்த மூன்று வரியில் பொய் கிடையாது.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12இல் பிடித்த தீயில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் சாம்பலாயின. லண்டனில் 1940இல் ஜெர்மன் குண்டு விழுந்து முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்தன. அங்கே எரிந்ததற்குத் தேதி உண்டு. எரிந்தது என்று தெரிந்ததால், வேறு காகிதங்களிலிருந்து ஆளை மீட்டெடுக்க வழியும் வகுத்தார்கள். சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிப் பதிவு, கருகிய தாளின் ஓரம் வரை தேடுகிறார்கள். அமெரிக்காவில் படை ஆவணத்தைத் திருத்துவதற்கென்றே தனி வாரியம் இருக்கிறது. நம்முடையது தீயில் போகவில்லை. வருடா வருடம், முறைப்படி, ஒரு அதிகாரியின் கையெழுத்தோடு போனது. கருகிய ஓரம்கூட மிஞ்சவில்லை.

ஆனால் ஒன்று மிஞ்சும். லாங் ரோல். அது பெரிய பேரேடு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே வரி. நம்பர், பெயர், சேர்ந்த தேதி, போன தேதி. அதை அழிக்கக் கூடாது. வந்த பதிலைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களுக்கு இது தெரியாது. நான் இரண்டாவது விண்ணப்பத்தில் மெடலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. லாங் ரோலில் இந்த நம்பருக்கு நேரே உள்ள வரியின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நான்கு மாதத்தில் வந்தது.

வந்ததும் அடுத்த முடிச்சு. அவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அதற்கு எல் போட்டிருந்தது. பேரேட்டில் இசட், ஹெச். அப்பா பெயர் ஒன்றில் கவுண்டன் என்ற வாலோடு, மற்றதில் வால் இல்லாமல். தமிழ் தெரியாத ஒரு கிளார்க் இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருவேறு ஆட்கள் என்றுதான் சொல்வான். இசட் ஹெச்சை இந்தியில் எழுதினால் ஜகரம் ஆகிவிடும். அப்புறம் அது மூன்றாவது ஆள். என் சர்வீஸில் எத்தனை தமிழ்ப் பையன்களின் பெயர் இப்படி ஆங்கிலத்தில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம் செத்துப் பிழைத்திருக்கிறது!

பெயர் மாறியிருந்தாலும் உடம்பு மாறவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அடையாளக் குறி என்று ஒரு கட்டம் உண்டு. இடது முழங்கைக்குக் கீழே வெட்டுத் தழும்பு, இரண்டு அங்குலம். கொடுவாள் பட்டது. அவரோடு அதே கூடாரத்தில் படுத்த ஒருவர் திருவண்ணாமலைப் பக்கம் உயிரோடு இருப்பதாகத் தெரிந்து போன் போட்டேன். பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. "மலையிலேருந்து வந்தாரே" என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "கையில கொடுவா வெட்டு இருக்குமே, அவரா?"

அவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். அது பாதிதான். போர் நடந்த பகுதியில் இருந்தார் என்பதற்குக் காகிதம் வேண்டும். காகிதம் என்று வந்தால் மலையில் என்ன இருக்கப்போகிறது என்று நான் நினைத்தது என் தப்பு. பேரன் அடுத்த வாரம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே நூலால் கட்டிய 11 மணியார்டர் கூப்பன்.

பட்டாளத்திலிருந்து மகன் அனுப்புகிற பணத்துக்குத் தகப்பன் மலையிறங்கி வந்து கைநாட்டு வைத்து வாங்குவார். கூப்பனைக் கிழித்துக் கொடுப்பார்கள். பணம் செலவாகிவிடும். கூப்பனை அந்த மனிதர் எறியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர். மகன் கைபட்ட தாள் என்று வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அனுப்பிய இடத்தின் முத்திரை. ஊர்ப் பெயர் இருக்காது, ராணுவத் தபாலில் ஊரைக் காட்ட மாட்டார்கள். எஃப்.பி.ஓ. என்று போட்டு ஒரு எண், கீழே தேதி. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மை பரவி, நடுவில் மட்டும் தெளிவாக: 1965 அக்டோபர். அந்த எண் கொண்ட களத் தபால் நிலையம் அந்த மாதம் எந்தப் படையணியோடு இருந்தது என்பதற்குப் பதிவு உண்டு. தபால் தலை சேகரிக்கிற நண்பர் ஒருவர் இரண்டே நாளில் தேடிச் சொன்னார். எல்லையில், பெரியவர் சொன்ன அதே பகுதி.

செய்தி எழுதுகிற இடத்தில் வேறு யாரோ தமிழில் எழுதிக் கொடுத்த ஒரு வரி இருந்தது. நலம், மழை பெய்ததா என்று மட்டும்.

மெடலுக்காக வழக்குப் போடலாமா என்று பேரன் கேட்டான். போடலாம். 2007இல் சட்டம் இயற்றி, 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தொடங்கினார்கள். சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. கார்கில் போரில் படாலிக் பகுதியில் ஒரு பிரிகேடை நடத்திய பிரிகேடியர், தன் பங்கைக் குறைத்து அறிக்கை எழுதிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். 2010இல் தீர்ப்பாயம் அந்த அறிக்கையைத் தள்ளி, போர் வரலாற்றையே திருத்தச் சொன்னது. எழுதி முடித்த வரலாற்றையும் திருத்த முடியும் என்பதற்கு அது பெரிய முன்னுதாரணம். ஆனால் அவரிடம் உத்தரவுகளின் நகல் இருந்தது, வக்கீல் இருந்தார். எங்களிடம் இருந்தது கூப்பன். கூப்பனை வைத்து ஒரு தரம் எழுதிப் பார்ப்போம், பிறகு வழக்கு என்றேன்.

எழுதினேன். லாங் ரோல் நகல், டிஸ்சார்ஜ் புத்தகப் பக்கம், இருவரும் ஒருவரே என்று தாசில்தார் கொடுத்த சான்று, தோழரின் சாட்சி, கூப்பனின் நகல், களத் தபால் எண்ணுக்கு விளக்கம். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகப் போனது. இதில் ஒரு சங்கடம் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க, மலையில் அவர் குடியிருப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். அவர் கையில் இருந்த மிகப் பழைய நிலக் காகிதம் ஜாகீர் போன பிறகு கொடுத்தது. 1963இல் அவர் அந்த ஊரில் இருந்தார் என்பதற்கு அரசாங்கத்திடமே எழுத்து இல்லை. கடைசியில் தாசில்தார் ஊர்ப் பெரியவர்களை விசாரித்துச் சான்று கொடுத்தார். பட்டாளம் அவரைப் பதிந்ததற்கு 13 வருடம் கழித்துத்தான் வருவாய்த்துறை அவர் ஊரைப் பதிந்தது. அந்த மலையில் முதலில் எழுத்தில் ஏறிய மனிதர்களில் இவரும் ஒருவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏறிய அந்த ஒரு வரியிலும் ஊர் தப்பு.

2023 பங்குனியில் கடிதம் வந்தது. ஒரே தாள். இரண்டு பதக்கத்துக்கும் உரியவர் என்று ஏற்றுக்கொண்டு, பதிவில் சேர்த்தாகிவிட்டது. மெடல் பிறகு வரும் என்று கீழே ஒரு வரி. பிறகு என்றால் எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியும். சர்வீஸில் இருக்கிற பையன்களே மெடல் வந்து சேராமல் டெல்லி கண்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் நகல் வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். நகல் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று அவரைக் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "நம்பர் போட்டு வருமே, அது வரட்டும்" என்றார்.

ஐப்பசியில் ரக்ஷா மெடல் வந்தது. அன்று மழை. பஸ் தாமதம், பதினொரு மணிக்கு மேல்தான் வந்தார். உறையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, பின்பக்கத்தையும் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெல்லச் சுற்றினார். நம் நாட்டு மெடலில் விளிம்பில்தான் எழுத்து இருக்கும். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு, எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. படிக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நம்பரைப் படிக்க ஆரம்பித்தேன். நான்கு எண் படித்திருப்பேன். மிச்சத்தை அவர் சொல்லி முடித்தார், பரேடில் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி, முதுகு நிமிர்ந்து.

பெயரில் ழகரத்துக்கு எல்தான் இருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. கூட வந்த தாளில் ஜில்லா தென்னாற்காடு என்றே போட்டிருந்தார்கள், கிராமம் கச்சிராயபாளையம். இன்னொரு கடிதம் எழுதி மூன்றையும் திருத்திவிடலாம் ஐயா என்றேன்.

"பேரை எழுதுங்க. ஊரையும் எழுதுங்க, என் ஊரு பேரு எதுலயாவது இருக்கட்டும். ஜில்லா இருக்கட்டும் தம்பி. அப்ப அதானே நம்ம ஜில்லா."

கிளார்க்குகளுக்கு ஒரு விதி உண்டு. தப்பான பதிவை அழித்து எழுதக் கூடாது, மேலே வெள்ளை பூசக் கூடாது. சிவப்பு மையில் ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் வந்த தாளை நான்காக மடித்து, மைதாப் பசை காய்ச்சி, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மட்டும் ஒட்டினேன். விரித்தால் இரண்டு பதக்கமும் தெரியும், மடித்தால் நில் தெரியும். பசை காயும்வரை அவர் புத்தகத்தை மூடவில்லை, மடியில் விரித்தபடியே வைத்திருந்தார். என் மனைவி கொடுத்த காபி ஆறிப்போனது.

மூன்றே கால் பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டு வந்து, நட்சத்திரம் இன்னும் வரவில்லை என்ற நினைவூட்டலையும் பெயர், ஊர்த் திருத்தத்தையும் ஒரே உறையில் வைத்து, ராத்திரியே முகவரி எழுதினேன். மறுநாள் காலையில் திண்ணையில் சங்கராபுரத்திலிருந்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றோடு.